வேனுக்குள் பாடிய கொசு

அப்பாவின் வேனுக்குப் புதுப் பாட்டு செட் மாட்டிய அன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மீதிப் பேருக்கு வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரவர் வீட்டில் இருந்தபடியே கேட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கியிருந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்பு அணைக்குப் போகும் வழியில், வாழைத் தோப்புகளுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். அப்பா வாழைத்தார் ஏற்றும் லாரியில் லோடுமேனாகப் போய், அங்கேயே வண்டி ஓட்டப் பழகி, பிறகு எட்டுப் பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கியவர். அம்மா தோப்புகளில் இலை அறுத்துக் கட்டுப் போடுவாள். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா ஊர்ப் பலகைகளை எழுத்துகளின் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். கையெழுத்து போடுவார், ஆனால் அதைக் கோலம் போடுவதுபோல ஒரு புள்ளியில் தொடங்கி நிதானமாக வரைந்து முடிப்பார். பக்கத்தில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முக்கொம்புக்குப் பிக்னிக் போகும் காலேஜ் பிள்ளைகள் வேனில் ஏறியதும் முதலில் பார்ப்பது செட்டைத்தான். எங்கள் வேனில் இருந்த பழைய செட்டில் பாட்டு வரும், ஆனால் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல வரும். "அண்ணே, பேஸ் இல்லையாண்ணே?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, பேஸ் என்றால் என்னவென்று தெரியாமலே அது தன்னிடம் இல்லாத ஒரு பெரிய குறை என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. திருச்சியில் காருக்கு சீட் கவர், ஹார்ன், செட் எல்லாம் மாட்டுகிற கடையில் வேலை. கையில் ஸ்க்ரூ டிரைவர் சுழலும்போது அவர் வாயும் கூடவே சுழலும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான்கு அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். முன்பக்கத்துக்குப் புது செட், கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கர், பின் சீட்டுக்குப் பின்னால் வைக்க பேஸுக்கென்றே ஒரு பெரிய வூஃபர் பெட்டி, பின் சீட்டுக்கு அடியில் வைக்க ஆம்ப். பாட்டுக்குப் பலம் கொடுப்பது இந்த ஆம்ப்தான் என்று தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு விளக்கினார்.

அம்மா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, குங்குமச் சிமிழோடு தயாராக நின்றாள். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்தப் பொருளும் வேலையைத் தொடங்காது. மிக்ஸிக்குப் பொட்டு, கேஸ் சிலிண்டருக்கு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பொட்டு, என் ஜாமெட்ரி பாக்ஸுக்குக்கூடப் பொட்டு. செட்டுக்கு மூன்று, ஸ்பீக்கருக்கு ஒவ்வொன்று, வூஃபர் பெட்டிக்கு அதன் உடம்புக்குத் தகுந்த மாதிரி பெரிதாக ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தாள். பின் சீட்டை நிமிர்த்திவிட்டு, ஆம்பிலிருந்து வரும் கறுப்பு ஒயரை வண்டியின் தரைத் தகரத்தில் இருக்கும் ஒரு போல்ட்டோடு சேர்த்து முறுக்கத் தயாராக இருந்த சித்தப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க அண்ணி. மொத போல்ட்டு இதுதான். இதுக்கு வெக்காம விட்டா சாமி கோச்சுக்கும். நல்லா கெட்டியா வைங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அம்மா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழகொழவென்று சந்தனத்தை எடுத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள். சித்தப்பா அதன்மேலேயே ஒயரின் வளையத்தை வைத்து ஸ்பேனரால் முறுக்கிவிட்டார். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வரை எல்லாம் பிரமாதமாக இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பாடியது. வூஃபர் அதிர்ந்தபோது எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான் பேஸா" என்றார்.

மறுநாள் காலை பாட்டைப் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். பாட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கொசு கிளம்பியது. நிஜக் கொசு காதருகே வந்தால் எப்படியிருக்குமோ அதே குரல். அப்பா ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கொசுவின் குரல் மேலே ஏறும். காலை எடுத்தால் இறங்கும். ஹார்ன் அடித்தால் ஒரு நொடி விக்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது, தனியாகப் பாடும்.

அப்பா அதை ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கோஷ்டியைச் சுற்றுவட்டாரப் பெருமாள் கோயில்களுக்கு ஏற்றிப் போனார். மாதம் ஒருமுறை அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் கொண்டுவந்த பாசுர சிடியைப் புது செட்டில் போட்டதும், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச தூரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏன்டாப்பா, கோஷ்டியோட சேர்ந்து ஒரு கொசுவும் சேவிக்கறதே, அதையும் நீயே ஏத்திண்டு வந்தியா?" என்று கேட்டாராம். வேனே சிரித்திருக்கிறது. அப்பாவும் சிரித்தபடி செட்டை அணைத்துவிட்டு, மீதிக் கோயில்களுக்கெல்லாம் மௌனமாக ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு கொசுவைப் பிடிக்கும் வேலை தொடங்கியது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். முதல் ஞாயிறு, செட்டில்தான் கோளாறு என்று சொல்லி வேறு செட் கொண்டுவந்து மாட்டினார். கொசு அதிலும் பாடியது. இரண்டாவது ஞாயிறு, டைனமோ கெட்டுவிட்டது என்றார். அப்பா மறுநாளே ஸ்ரீரங்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினார். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு டைனமோ குதிரை மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவது ஞாயிறு, பாட்டு போகிற ஒயரும் பேட்டரி ஒயரும் ஒன்றாக ஓடுவதால்தான் என்று சொல்லி, மிதியடி எல்லாம் பிரித்து, ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் மாற்றினார். கொசு கொஞ்சம் மெலிந்தது. ஆனால் சாகவில்லை. அம்மா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். எதிர் வீட்டுக்காரர், ஸ்பீக்கருக்குள் எறும்பு போயிருக்கும் என்றார்.

இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சித்தப்பா அன்று செய்தது எதுவும் முட்டாள்தனமில்லை என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரிச் சத்தம் வந்தால் அந்த இடங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு இடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர் கையால் முறுக்கிய போல்ட் என்பதால் அதன்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த மூன்றாவது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் பேச்சு என்மேல் திரும்பியது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் ஸ்ரீரங்கம் போக வேண்டும். நான் போக வேண்டும் என்று விடுமுறை தொடங்கியதிலிருந்து தினமும் ஒருமுறையாவது அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா "பாப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பாப்போம் என்று சொல்லிய எதையும் யாரும் பார்த்ததில்லை. அம்மாவோ அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அதில் அக்கறை இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

"எட்டு படிச்சாச்சே, போதாதாண்ணே?" என்றார் சித்தப்பா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "எங்க கடைக்கு எதிர்ல ஒரு அக்கா தையல் கத்துக் குடுக்குது. சீட் கவர் தைக்க ஆளே கெடைக்கல. பாப்பாவ அங்க விட்டா கைத்தொழில் ஆச்சு. தெனம் நானே கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வரேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நல்லது அதுதான். ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் தையலுக்குப் போக மாட்டேன். படிக்கத்தான் போவேன்" என்றேன்.

"என்னா படிச்ச இவ்ளோ நாளு? எட்டு வருசமா இங்கிலீசு படிக்கிறியே, இந்தா." ஆம்ப் வந்த அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "ஆம்போட வந்த புஸ்தகம். கோளாறு வந்தா என்னா செய்யணும்னு இதுல போட்டிருப்பான். எங்க கடையில யாரும் படிச்சது கெடையாது. நீ படிச்சு சொல்லேன் பாப்போம்."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்ட கை படாமல் புறங்கையால் அந்தப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படிச்சு சொல்லு பாப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம சித்தப்பா வரும்போது நீ சொல்லு. சத்தம் நின்னுச்சுன்னா ஸ்ரீரங்கத்துல சேத்து விடுறேன்."

"நிக்கலன்னா?" என்றார் சித்தப்பா.

"நிக்கலன்னா நீ சொன்ன எடத்துக்குப் போவா. அந்த செட்டையும் கழட்டிரு. எனக்குப் பழசே போதும்."

அடுப்படியில் அம்மா ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவே முடியாது. எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் என்றால், டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போடுவதைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் திரும்பவும் எழுதுவது. அர்த்தம் என்று ஒன்று இருப்பது எங்களுக்கும் தெரியும். அது டீச்சரிடம் இருக்கும். இந்தப் புத்தகமோ எறும்பு எறும்பான எழுத்தில் இருந்தது. நான்கு மொழிகளில் எழுதியிருந்தார்கள். அதில் எது இங்கிலீஷ் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. பிறகு, பள்ளியில் பரிசாகக் கிடைத்த சின்ன அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து நோட்டில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் அர்த்தம் எழுதிய பிறகு வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. சத்தம் என்று தெரிந்தது, இன்ஜின் என்று தெரிந்தது, ஒயர் என்று தெரிந்தது. அவற்றுக்கு நடுவே இருந்தவைதான் பிடிபடவில்லை. வியாழக்கிழமை நோட்டின்மேல் தலையை வைத்து அழுதேன். அம்மா இலைக்கட்டோடு வந்தவள், என் பக்கத்தில் ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமைதான் படங்களைக் கவனித்தேன். கடைசிப் பக்கங்களில் ஒன்றில், சத்தம் என்ற வார்த்தை இருந்த வரிக்குப் பக்கத்தில், இரண்டு சின்னப் படங்கள். இரண்டிலும் ஒரு போல்ட், அதில் வளையம் மாட்டிய ஒரு ஒயர். முதல் படத்தில் வளையத்துக்கு அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ பூசியிருந்தது. அதன்மேல் பெருக்கல் குறி. இரண்டாவது படத்தில் ஒரு கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தது. அடியில் தகரம் பளபளவென்று கோடு போட்டிருந்தது. அதன்மேல் சரிக் குறி. கீழே இருந்த வார்த்தைகளை அகராதியில் பார்த்தேன். பெயின்ட். தேய்க்க. வெறும். உலோகம்.

ஒரு வாக்கியம் முதல்முறையாக எனக்குத் திறந்தது. யாரும் கரும்பலகையில் எழுதிப் போடாத வாக்கியம். அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை அதன்பிறகு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நான் அடைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா செட்டைக் கழற்றிப் போவதற்கென்றே பெட்டிகளோடு வந்தார். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டீச்சர் பாடம் நடத்துவதுபோல, "கறுப்பு ஒயர் மாட்டியிருக்கிற எடத்துல பெயின்ட் இருக்கக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வெறும் தகரத்துல மாட்டணும்" என்றேன்.

"அட, பெயின்ட்டா?" சித்தப்பா புருவத்தைத் தூக்கினார். "அதெல்லாம் போல்ட்டு முறுக்கினாலே புடிச்சுக்கும் பாப்பா. சரி, உன் ஆசைய ஏன் கெடுக்கணும்? நீயே தேயி. உள்ள குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு."

வூஃபர் பெட்டியை இறக்கி வெளியே வைத்து, பின் சீட்டை நிமிர்த்திக் கொடுத்தார்கள். அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவருக்குப் பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு ஏதோ கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரும் உப்புத்தாளும் டார்ச்சுமாக உள்ளே குனிந்தேன். மே மாத வெயிலில் தகரம் கொதித்தது. போல்ட்டைத் திருகி, வளையத்தை விலக்கினேன்.

அடியில் பெயின்ட் இல்லை. மஞ்சளும் சிவப்புமாக, காய்ந்து பாறையாகிப்போன ஒரு வட்டம் இருந்தது.

அது என்னவென்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. வளையம் தகரத்தைத் தொடவே இல்லை. இத்தனை நாளும் அது அம்மாவின் சந்தனத்தின்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. போல்ட்டின் மரை வழியாகத்தான் கரன்ட் எப்படியோ போய்வந்திருக்கிறது.

"சித்தப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் விருந்தாளிகளுக்குப் போட்ட டீயில் அம்மா சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள். அந்தக் கதையைச் சித்தப்பா இன்னும் ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தானும் சிரிப்பாள். இது தெரிந்தால் டீக்கதை ஓய்ந்துவிடும். அண்ணி பொட்டு வைத்து ஆம்பைப் படுக்கவைத்த கதை ஆயுளுக்கும் ஓடும். கெட்டியாக வைக்கச் சொன்னது தான்தான் என்பதை அவர் அந்தக் கதையில் சேர்க்க மாட்டார்.

அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். கோளாறு பொட்டில் இருந்தது என்று தெரிந்தால், அதைக் கண்டுபிடித்தது புத்தகம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? பொட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பயமும் இருந்தது.

நகத்தால் சுரண்டினேன். தூள் தூளாக வந்ததைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். பிறகு உப்புத்தாளை வைத்து, தகரம் படத்தில் இருந்ததுபோல் மின்னும் வரை தேய்த்து, வளையத்தை வைத்து, இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து முறுக்கினேன்.

"ஆச்சுப்பா. போடுங்க."

அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. செட்டில் விளக்கு வந்தது. சித்தப்பா சத்தத்தைக் கூட்டினார். ஒன்றுமில்லை. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் கத்தியது, கொசு வரவில்லை. மறுபடி மிதித்தார். பாட்டைப் போட்டார். பாட்டு மட்டும் வந்தது. அதுவரை எனக்குக் கேட்டே இராத ஒரு புல்லாங்குழல் அந்தப் பாட்டுக்குள் இருந்தது.

சித்தப்பா வாயைத் திறந்தபடி செட்டையே பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "அடிப் பாவி" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அது. அப்பா இறங்கி வந்து, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸும் வைக்கிற உறையில் அதையும் வைத்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் முக்கொம்பு வரை ஒரு நடை போய்வந்தோம். தண்ணீர் குறைவாக இருந்தது. சித்தப்பா மறுநாளே கடையில் போய், எங்க அண்ணன் மவ இங்கிலீசு புஸ்தகத்தப் படிச்சு ஆம்பையே சரிபண்ணிட்டா என்று சொல்லியிருக்கிறார். கதையைப் பெரிதாக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இந்த முறை அது எனக்கு நல்லதாகப் போயிற்று. அதன்பிறகு அந்தக் கடைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வந்துசேர்ந்தது. ரிவர்ஸ் கேமரா, ஹார்ன், பூட்டு. "இதுல என்னா போட்டிருக்கான், சொல்லு பாப்பா." தெருவில் யார் மாத்திரை வாங்கினாலும் அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் இங்கிலீஷ் கற்றது அப்படித்தான். சித்தப்பாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் சின்னதில்லை. என் முதல் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்தவரும் அவர்தான்.

அம்மா அந்த ஞாயிறு ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் என் பாவாடையைத் துவைக்க எடுத்தாள். கறையைப் பார்த்துவிட்டு, "இது என்னடி?" என்றாள். வண்டித் துரு என்றேன். "துருவா? சரி" என்று சோப்பைப் போட்டாள். நான் மூச்சை விட்டேன்.

இதை நான் பல வருடங்கள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம், திருச்சி கே.கே. நகரில் நான் எடுத்திருக்கும் வீட்டுக்கு அம்மா வந்து தங்கியிருந்தபோது, பேச்சுவாக்கில், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அன்றைக்கு உன்னை நான்தான் காப்பாற்றினேன் என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பின்னாடி கண்ணாடிக்கு வெளியதானடி நின்னேன். நீ நகத்தால சொரண்டுனத பாத்தேன்ல."

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா அப்பறம் புஸ்தகத்துக்கு என்னடி மரியாத?" என்றாள். கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, "அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு எறங்கல" என்றும் சொன்னாள்.

அதிலிருந்து அந்த ஜூன் மாதக் காலையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியை அறை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் வேனிலேயே போயிருந்தோம். டீச்சர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். கணக்கில் நல்ல மார்க். இங்கிலீஷில் நாற்பத்தொன்று. விரல் அங்கேயே நின்றது.

"இங்க்லீஷ் ரொம்பக் கம்மியா இருக்கே. இங்க ஒன்பதாவதுல இடமும் கொஞ்சம்தான் இருக்கு. இந்தப் பொண்ணால தாக்குப்பிடிக்க முடியுமா?"

அப்பா அதற்காகவே காத்திருந்ததுபோல உறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, மூன்று ஞாயிறுகள் சித்தப்பாவால் முடியாததை நான் இதைப் படித்து ஒரே ஞாயிறில் முடித்த கதையைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். அந்த எறும்பு எழுத்துகளைப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அப்பாவை நேராக அப்படிச் சொல்ல அவருக்கு மனமில்லை போலிருக்கிறது. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நெஜமாவே இவதான் சரி பண்ணாளா? நீங்க பாத்தீங்களா?"

அம்மா வெளியாட்கள் முன்னால் பேசி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிவிட்டு நிற்பாள். அவள் எழுந்து நின்றாள். வாழைக்கறை ஏறிய கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பாத்தேன் டீச்சர். பக்கத்துலயே நின்னு பாத்தேன். என்னா கோளாறுன்னு அவளாவே கண்டுபுடிச்சா. அவளாவே சரி பண்ணா. என் பொண்ணு படிப்பா டீச்சர். சேத்துக்குங்க."

டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

எனக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. நான் குனிந்திருந்தபோது அம்மா அங்கே இல்லவே இல்லை, வீட்டுக்குப் பின்பக்கம் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு நிச்சயம். பாவம், எனக்காக முதல்முறையாக ஒரு பொய் சொல்கிறாள், அதையும் இவ்வளவு பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முந்தானைக்குள் சுருட்டிய கையை அவள் வெளியே எடுக்கவே இல்லை. மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறாள் போலும். டீச்சர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை, நான் இருக்கிறேன், பயப்படாதே என்று சொல்வதுபோல, அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.